முள்ளில்லாத மீன்

மாங்காய் போட்ட மத்திக் குழம்பு. இறக்கி வைத்து எண்ணெய் மேலே மிதந்து நிற்கிற பதம். அம்மா கரண்டியை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளி அண்ணன் தட்டில் ஊற்றினாள். ரெண்டு மத்தி முழுசாக வந்து விழுந்தன.

அண்ணன் அவற்றைப் பார்த்தான். இடது கையில் இருந்த ஸ்பூனால் ரெண்டையும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். நடுரோட்டில் நிற்கிற வண்டியை போலீஸ்காரர் ஓரங்கட்டுவாரே, அந்த மாதிரி.

“தயிர் ஊத்தும்மா” என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் மீனை ஒதுக்கிவிட்டுத் தயிர் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. அம்மா முதலியார்பேட்டையில் மீன் விற்கிறாள். அப்பா இருந்தவரை கடலுக்குப் போனவர். அண்ணனோ சின்ன வயதில் ஒரு மத்தியை வாயின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வெறும் முள்ளை மட்டும் சீப்பு மாதிரி உருவி எடுத்துக் காட்டுவான். தெருப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த ஆள் தயிர் கேட்டால் அது தயிர் இல்லை, ராஜினாமாக் கடிதம்.

புதிதாக வந்தவர்களுக்கு

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கை. என் அண்ணன் குமரன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் ஒரு மலைச் சரிவில் மண்ணுக்குள் கிடந்த ஒன்று வெடித்தது. இடது கால் முட்டிக்குக் கீழே போனது. வலது கை மணிக்கட்டோடு போனது. அவன் இவ்வளவுதான் சொல்வான். நானும் அதற்கு மேல் கிண்டியதில்லை. மாசக்கணக்கில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பாண்டிச்சேரியில் உப்பளம் தாண்டி பழைய துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தான்.

செயற்கைக் கால் பொருத்த, ராணுவத்தின் மையம் இருக்கிற புனேவுக்குப் போனோம். கட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வெட்டிய இடத்தில் புண் இன்னும் வாயை மூடவில்லை. திறந்த புண் மேல் காலை மாட்டினால் மிச்சம் இருக்கிற முட்டிக்கும் ஆபத்து. ஆறட்டும், கோடை முடிந்ததும் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். முட்டி இருந்தால் நடக்கலாம், சைக்கிள்கூட மிதிக்கலாம். முட்டி போனால் கதையே வேறு.

திரும்பி வந்ததும், கட்டு மாற்றுகிற சிஸ்டர் அண்ணனின் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்தார். வெளியே மருந்து போடுவது என் வேலை, உள்ளே போடுவது உங்கள் வேலை என்றார். முட்டை, மீன், கறி, பருப்பு. சதை வளர வேண்டும் என்றால் உள்ளே ஏதாவது போக வேண்டும், ரசத்தில் சதை வளராது.

ஆக, அண்ணன் நடப்பானா மாட்டானா என்பது அவன் தட்டில் வந்து நின்றது.

மூலையில் சாய்ந்த ரொட்டி

தப்பு எங்களிடமிருந்துதான் ஆரம்பித்தது. எங்கள் தெரு மொத்தமும் மீனால் வாழ்கிறது. ஆனால் எவர் உடம்பிலாவது கத்தி பட்டுவிட்டால் முதல் காரியமாக அவருக்கு மீனை நிறுத்திவிடுவோம். மீன் போட்டால் சீழ் வைக்கும். முட்டை சூடு. கறி அரிக்கும். கத்தரிக்காயைச் சொல்லவே வேண்டாம். இதை யார் எப்போது முடிவு பண்ணியது என்று தெரியாது, ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் இதே சட்டம்தான்.

அதனால் அண்ணன் வந்து இறங்கிய நாளிலிருந்து ரசம் சோறு, இட்லி, சுட்ட அப்பளம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சத்துமாவு டின்னும் பேக்கரி ரொட்டியும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி கை நீளத்துக்கு இருக்கும், தட்டினால் சத்தம் வரும். பிரெஞ்சுக்காரன் போனான், ரொட்டி போகவில்லை. ஒரு கட்டத்தில் அண்ணனின் ஊன்றுகோலும் ரொட்டிகளும் ஒரே மூலையில் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. அவசரத்தில் அவன் ரொட்டியைப் பிடித்து எழுந்துவிடுவானோ என்று பயந்திருக்கிறேன்.

நாலா பக்கமும் அன்பு கொட்டியது. அந்த அன்பைத் தின்றே அவன் இளைத்தான்.

சிஸ்டர் சொன்ன பிறகு அம்மா ஒரே நாளில் கட்சி மாறிவிட்டாள். காலையில் முட்டை, மத்தியானம் மீன், ராத்திரி பருப்பு. ஆனால் நேரம் பார்த்து அப்போதுதான் தடைக்காலம் தொடங்கியிருந்தது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று பெரிய விசைப்படகுகளை அரசாங்கம் கரையில் கட்டிப்போடும் மாசங்கள் அவை. வஞ்சிரம், கொடுவா மாதிரி வாட்டசாட்டமான மீன் எதுவும் வராது. கரையோரத்தில் ஃபைபர் படகுக்காரர்கள் அள்ளிவருகிற மத்தியும் காரப்பொடி மீனும்தான். ருசியில் அவற்றை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உடம்பெல்லாம் முள்.

முட்டை சாப்பிடலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தின்ற முட்டைக்கு இந்த ஜென்மத்தில் கோழி முகத்திலேயே முழிக்க முடியாது என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் முட்டையைத் தொடவில்லை.

மூணு மணியில் பருப்பு

அந்த முட்டைக்கு ஒரு கதை உண்டு. பின்னாளில் அவனே சொன்னான்.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் ஹரியானாக்காரர். பால் குடித்தே ஆறடிக்கு வளர்ந்த மனுஷன். கை கால் எல்லாம் பத்திரம், ரெண்டு கண்ணும் போயிருந்தது. சாப்பாடு வந்ததும் அவர் அண்ணனுக்கு முட்டை உரித்துத் தருவார். சப்பாத்தியைக் கிழித்துப் போடுவார். பதிலுக்கு அண்ணன் அவர் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று கடிகாரக் கணக்கில் சொல்வான். மூணு மணியில் பருப்பு, ஆறு மணியில் சோறு, ஒம்பது மணியில் அந்த எழவெடுத்த சுரைக்காய். அண்ணனின் இந்திக்கு அவர் சிரிப்பார். சில நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வான், அவர் ஊறுகாயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஜாதி மதம் பாராமல் திட்டுவார்.

அங்கே அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான். எடைகூடப் போட்டானாம். அந்த வார்டில் முழுசாக யாருமே இல்லை, அதனால் எவனும் எவனையும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில்தான் எல்லோரும் முழுசாக இருந்தோம்.

மண்டபம்

நடுவில் ஒரு கல்யாணம் வந்தது. முதலியார்பேட்டையில் ஒரு மண்டபம், அம்மா வழி உறவு. அண்ணன் வரமாட்டேன் என்றான். அம்மா விடவில்லை. நல்ல சட்டை போட்டு, வலது கையைத் துண்டால் மூடி, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். ஊன்றுகோலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இலையில் ஸ்பூன் வேலைக்கு ஆகாது. கிழியும். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு இடது கையால் சோற்றைப் பிசைந்தான்.

எதிர் வரிசையில் ஒரு பெரியவர். யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மனசோடுதான், பிள்ளையைத் திருத்துகிற குரலில் சொன்னார்.

“தம்பி, பந்தியில ஒக்காந்து பீச்சாங்கையில துன்னக் கூடாதுப்பா. சோத்தாங்கைய எடு.”

அண்ணன் துண்டை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் அந்தப் பெரியவர் செத்தே போயிருப்பார், அது அவனுக்குத் தெரியும். சரிங்க என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடினான்.

அதற்குப் பிறகு வீட்டிலும் கூடத்தில் சாப்பிடுவது குறைந்தது. தட்டை உள் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். தட்டு திரும்பி வரும்போது மீன் அப்படியே ஓரத்தில் இருக்கும். அம்மா ஒரு நாள் தாங்கமாட்டாமல் உள்ளே போய், முள்ளை எல்லாம் உருவி, சோற்றோடு பிசைந்து, உருண்டை பிடித்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான், விழுங்கினான். அன்று சாயங்காலம் பசியில்லை என்று சொல்லிவிட்டான். மறுநாளும் பசியில்லை.

நான் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மத்தியான இடைவேளையில் போனில் புரோட்டின் பவுடர் தேடிக்கொண்டிருந்தேன். வாங்கியும் வந்தேன், சாக்லேட் வாசனையில். ஒரு வாய் குடித்தவன், ‘இத்த சுவத்துக்கு அடிக்கலாம்’ என்றான். அம்மா அடம் என்றாள், நான் டிப்ரஷன் என்றேன். பேர்தான் ஆளுக்கொன்று வைத்தோம்.

சொல்தா வீட்டுப் பையன்

அப்போதுதான் பிலிப் ஊருக்கு வந்தான்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே சொல்தா என்போம். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் அப்படி. பிலிப் அந்த மாதிரி வீட்டுப் பையன். அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒருத்தன் இந்த ராணுவத்துக்குப் போனான், இன்னொருத்தன் அந்த ராணுவத்துக்கு. பாராசூட்டில் குதித்ததில் பிலிப்பின் முட்டி உடைந்து, உள்ளே கம்பி வைத்து, வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்கே கால் வலிக்கும்.

ஸ்கூட்டியில் அண்ணனை ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்துப் பக்கம் போனேன். கருங்கல் கொட்டிய கரையில் பிலிப் காத்திருந்தான். யார் ராணுவத்தில் சோறு நன்றாக இருந்தது என்று சண்டை ஆரம்பித்தது. பிலிப் அவனுடைய டப்பா சாப்பாட்டில் சீஸும் சாக்லேட்டும் இருந்ததைப் பீற்றினான். அண்ணன், மலை உச்சியில் அம்மா அனுப்பிய கருவாட்டுப் பார்சலைப் பிரித்ததையும், கூடத் தங்கியிருந்த பாரக் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பனியில் போய் நின்றதையும் சொன்னான். எதிரிகூட வாசத்தில் ஓடியிருப்பான் என்றான். நானும் சிரித்தேன். அவன் அப்படிப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

சிரித்து முடித்ததும் பிலிப் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னாடா இது, ஆணில மாட்டின சட்ட மாதிரி ஆயிட்ட? சோறு எறங்கலியா?”

“எறங்குது.”

“பின்ன?”

அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“முள்ளு.”

“அம்மா எடுத்துத் தரும்ல?”

“தரும். அதான்டா.”

அண்ணன் தானாகவே கொஞ்சம் பேசினான். முள்ளைக் கண்டுபிடிப்பது கண் இல்லை, விரல். வலது கை விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அது போய்விட்டது. இடது கைக்கு ஒன்றும் தெரியாது, அது எல்கேஜி. ஒரு நாள் அறையில் தனியாகச் சாப்பிடும்போது தொண்டையில் மாட்டிக்கொண்டு, இருமினால் நாங்கள் ஓடிவருவோமே என்று இருமலையும் அடக்கிக்கொண்டு சோற்றை உருட்டி உருட்டி விழுங்கியிருக்கிறான். நான் அப்போது கூடத்தில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் பிலிப் ஒரு ஃபோர்க்கோடு வீட்டுக்கு வந்தான். கனமான, பழைய வெள்ளி நிறத்து ஃபோர்க். ‘எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இதைப் பிடிப்பதே இடது கையில்தான், வலது கையில் பிடித்தால்தான் எங்கம்மா அடிக்கும்’ என்றான். அண்ணன் ஒரு மத்தியை ஃபோர்க்கால் குத்தினான். மத்தி ரெண்டாக உடைந்து ஒரு பாதி பிலிப்பின் மடியில் விழுந்தது. முள் அத்தனையும் அதனதன் இடத்திலேயே இருந்தன. பிரான்ஸ் தோத்துருச்சி என்றான் அண்ணன்.

பூண்டு வாசம்

கரையில் கேட்டதை அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சுத்தமான கூடையை மறுபடியும் கழுவினாள்.

அடுத்த நாள் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றேன். அம்மா கீழே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு, ஒரு மத்தி. வலது கையை முதுகுக்குப் பின்னால் முந்தானைக்குள் செருகியிருந்தாள். இடது கையால் மீனைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள், நிறுத்தினாள், நாக்கால் துழாவினாள், துப்பினாள். மறுபடி பிய்த்தாள். பிறந்ததிலிருந்து மீனோடு வாழ்கிறவள். கண்ணில் தண்ணீர். முள் குத்தியதா வேறா என்று நான் கேட்கவில்லை. சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை விற்கப் போனவள் சீக்கிரமே திரும்பினாள். கூடையில் ரெண்டு பால் சுறா. கரைவலையில் மாட்டுகிற சின்ன சுறா. சுறாவுக்கு முள்ளே கிடையாது, நடுவில் ஓடுகிற மெத்தென்ற குருத்தெலும்பை எடுத்துவிட்டால் மீதி மொத்தமும் சதை.

இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்கிறீர்களா? ஹோட்டலிலும் பாரிலும் சுறாப்புட்டை யார் வேண்டுமானாலும் தின்பார்கள். எங்கள் தெரு வீடுகளில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம். பிள்ளை பெற்றவளுக்குப் போடுவது. பால் ஊறவும் உடம்பு தேறவும். தெருவில் சுறாப்புட்டு வாசம் வந்தால் தொட்டில் கட்டியாகிவிட்டது என்று பொருள். அதை ஒரு பட்டாளத்து ஆளுக்குச் செய்து போடலாம் என்று எங்கள் யார் மண்டைக்கும் எட்டவில்லை.

அம்மா மஞ்சள் போட்டு வேகவைத்தாள். தோலை உரித்து, பிழிந்து, பஞ்சு மாதிரி உதிர்த்தாள். வெங்காயம், இஞ்சி, கை நிறையப் பூண்டு, மிளகு. வாசம் சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டு செல்வி அக்கா எட்டிப் பார்த்து, யாருக்குப் பிரசவம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே என்றார். கல்யாணமே ஆகாத என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அம்மா தட்டைக் கூடத்தில் வைத்தாள். அறைக்குக் கொண்டுபோகவில்லை. அண்ணன் ஊன்றுகோலோடு வந்து பார்த்தான். காதெல்லாம் சிவந்தது.

“இது பெத்தவங்களுக்குப் போடறது. எனக்கு இன்னாத்துக்கு?”

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“ஒடம்பு கிழிஞ்சி தச்சவங்களுக்குப் போடறது. நீயும் தச்சிகினுதான வந்திருக்க. ஒக்காந்து துன்னு.”

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். முதல் வாயை ஸ்பூனில் எடுத்தான். அப்புறம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் அள்ளினான். தேட வேண்டியது எதுவும் இல்லாத மீன். மடமடவென்று இறங்கியது. தட்டு காலியானதும் வழித்து நக்கினான்.

சாயங்காலம் பிலிப் வந்து விஷயம் தெரிந்ததும், ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா என்று கேட்டான். முட்டி உடைஞ்ச மூதேவி பொறந்திருக்கு, பேரு பிலிப்பு என்றான் அண்ணன்.

தட்டின் ஓரம்

அந்தக் கோடை எங்கள் வீட்டில் பூண்டு வாசத்திலேயே போனது. சுறா கிடைக்காத நாளில் பருப்பு, பிலிப் வீட்டிலிருந்து வருகிற எலும்பில்லாத கறி. அதற்கு ஃபோர்க் உதவியது. அண்ணன் கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். முகத்தில் முதலில் கன்னம் வந்தது. பிறகு வம்பு வந்தது. கட்டு மாற்ற வந்த சிஸ்டர் ஒரு நாள் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து சதை ஏறுகிறது என்றார். இன்னொரு நாள் கட்டே வேண்டாம், காற்றுப் படட்டும் என்றார். பழுப்பும் சிவப்புமாக, ஒழுங்காக மூடிய தோல். அம்மா அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டு, கூசும் என்று இழுத்துக்கொண்டாள்.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் போய்த் திரும்பின. புனே டிக்கெட் போட்டாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானத்துக்கு என்ன மீன் வேண்டும், வஞ்சிரம் வந்திருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

மத்தி என்றான்.

மாங்காய் போட்ட அதே குழம்பு. பிலிப்பும் வந்திருந்தான். நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அண்ணன் ஸ்பூனும் கேட்கவில்லை, ஃபோர்க்கும் கேட்கவில்லை. இடது கையின் ரெண்டு விரலால் மீனின் முதுகைப் பிளந்தான். விரல் நின்று நின்று போனது. தெரியாத வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். இன்னொன்றை வாயிலிருந்து நாக்கால் தள்ளி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

பிலிப் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தான். அவன் உடைந்த முட்டியில் ஒரு இடி கொடுத்தேன். மூடிக்கொண்டான்.

அம்மாவின் வலது கை தன்னால் அண்ணன் தட்டுப் பக்கம் நகர்ந்தது. பாதியில் நிறுத்தி, இழுத்து, தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் சோறு தீர்ந்தது. கை காய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. குழம்பு ஆறி எண்ணெய் கட்டியது. தட்டின் ஓரத்தில் முள் வரிசை நீண்டது. சீப்பு மாதிரி ஒரே இழுப்பில் வந்தது இல்லை, ஒவ்வொன்றாக, கோணல் மாணலாக. கடைசியில் வெறும் நடுமுள்ளும் தலையும் மிச்சம்.

அம்மா கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள்.

“இன்னொன்னு வக்கவா?”

“வையி. நேரமாவும்மா.”

“ஆவட்டும்” என்றாள். சட்டியை இழுத்து, கரண்டியை அடிவரை விட்டு, இருந்ததிலேயே பெரிய மத்தியாகப் பார்த்து எடுத்து வைத்தாள். முழுசாக, தலையோடு.